கோழி தூங்கி விழுது, என்னக்கா பண்றது?

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுக்குப் பின்னாடி எட்டு நாட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் வளக்கறேன். நல்லா முட்டை வச்சிட்டிருந்த ஒரு செவலைப் பெட்டை மூணு நாளா மூலையில இறகை உப்பிக்கிட்டு கண்ணை மூடி நிக்குது. தீனி எடுக்கல, பச்சையா கழியுது. மத்ததெல்லாம் நல்லாத்தான் மேயுது. மருந்துக் கடையில சொன்னேன், கோழியப் பாக்காமயே டெட்ராசைக்ளின் பவுடர் குடுத்து எல்லாத்துக்கும் தண்ணியில கலந்து வைங்கன்னாங்க. பக்கத்து வீட்டு ஆயா இது வெள்ளக்கழிச்சல்தான், மீதிய வித்துடுங்கறாங்க. வீட்டுக்காரர் இன்னிக்கே அடிச்சு குழம்பு வச்சிடலாம்ங்கறார். எனக்கு மனசு வரல. நேத்து வாயைப் பிளந்து தண்ணி ஊத்தினேன், கரகரன்னு இருமுச்சு, பயந்து விட்டுட்டேன்.

– ஒரு வாசகி, கோபி பக்கம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மொதல்ல அந்தத் தண்ணி ஊத்தறத நிறுத்துங்க. கோழி வாயைத் தொறந்து பாத்தீங்கன்னா நாக்குக்கு நேர் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை தொறந்து தொறந்து மூடிட்டே இருக்கும், அதுதான் மூச்சுக்குழா வாசல், நாம மடமடன்னு ஊத்தறது அதுக்குள்ள எறங்குச்சுன்னா நோவுல பொழைக்க வேண்டிய கோழி நம்ம வைத்தியத்துல போயிரும். ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்து அலகு ஓரத்துல ஒவ்வொரு சொட்டா வைங்க, அதுவா முழுங்கும். வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைச்ச தண்ணி போதும். பட்டினியவிட தண்ணி வத்திப்போய் சாகற கோழிதான் ஜாஸ்தி.

அடுத்தது, தனியா பிரிச்சீங்களான்னு நீங்க எழுதல. இல்லன்னா இப்பவே அட்டப்பெட்டியிலயோ பஞ்சாரத்துலயோ போட்டு காத்து நேரா அடிக்காத எடத்துல வைங்க. நல்லா இருக்கற கோழிக்கே உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல, அந்தச் சூட்டைக் காப்பாத்தத்தான் இறகை உப்பிக்கிட்டு நிக்குது, ராத்திரியில ஒரு குண்டு பல்பு ஒரு பக்கமா எரியட்டும், சூடு வேணும்னா கிட்ட வரும் வேண்டாம்னா தள்ளிப் போகும், அதுக்கு எடம் விடுங்க. தீனி தண்ணி எல்லாம் நல்ல கோழிகளுக்கு மொதல்ல, சீக்குக் கோழிக்கு கடைசில, அப்புறம் கை கால் கழுவுங்க.

இப்ப கோழிய மடியில வச்சு தொட்டுப் பாக்கணும், நம்ம ஆளுங்க செய்யாம விடறது இதைத்தான். காலையில தீனி வைக்கறதுக்கு முன்னாடி கழுத்துக்குக் கீழ இருக்கற இரைப்பையத் தடவுங்க. ராத்திரி தின்னது செரிச்சு அது காலியா இருக்கணும். கல்லாட்டம் கெட்டியா இருந்தா புல்லோ சணல் கயிறோ அடைச்சிருக்குன்னு அர்த்தம், தளதளன்னு தண்ணியா இருந்து வாய்ல புளிச்ச வாடை வந்தா உள்ள கெட்டுப்போயிருக்கு. தலைகீழா புடிச்சு வாந்தி எடுக்க வைக்கறாங்களே, அந்த வேலை மட்டும் வேண்டாம். அப்புறம் நெஞ்செலும்பு. அது சதையில்லாம கூரா துருத்திட்டு இருந்தா சீக்கு மூணு நாளைக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு. கோழி முடிஞ்சவரைக்கும் நோவை வெளிய காட்டாது, நம்ம கண்ணுக்குப் படறப்ப பாதி தூரம் போயிருக்கும்.

முட்டை வச்சிட்டிருந்த கோழிங்கறதால எனக்கு இன்னொரு சந்தேகம். வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு முக்குதா, முட்டை வைக்கற எடத்துக்குப் போய்ப் போய்த் திரும்பி வருதா? அடிவயித்துல, முட்டை வெளிய வர்ற வாசலுக்குப் பக்கத்துல மெதுவா தடவறப்ப முட்டை கைக்குத் தட்டுப்பட்டா முட்டை சிக்கிக்கிச்சு. ஒரு முட்டை உருவாக கிட்டத்தட்ட 25 மணி நேரம், அதுல 20 மணி நேரம் போல ஓடு கட்டறதுக்கே போயிரும், சுண்ணாம்புச் சத்து பத்தலன்னா தள்ளறதுக்கும் தெம்பு இருக்காது. வெதுவெதுப்பான தண்ணியில அடிப்பாகம் முங்கற மாதிரி கால் மணி நேரம் உக்கார வச்சு, ஈரம் தொடச்சு, இருட்டான எடத்துல விடுங்க. அழுத்திப் பிதுக்காதீங்க, உள்ள ஒடைஞ்சா வம்பு. அன்னிக்குள்ள வரலன்னா கால்நடை ஆஸ்பத்திரிதான்.

ஆயா சொல்றதையும் தள்ளிட முடியாது. ஆனா பச்சைக் கழிச்சல மட்டும் வச்சு வெள்ளக்கழிச்சல்னு முடிவு பண்ணாதீங்க, தீனி எடுக்காத எந்தக் கோழியும் பித்தநீர்தான் பச்சையா கழியும். வெள்ளக்கழிச்சல்னா வாயப் பொளந்து மூச்சு வாங்கும், கழுத்து முறுக்கிக்கும், கால் றெக்கை இழுத்துக்கும், ஊசி போடாத கூட்டத்துல அடுத்தடுத்து விழும். உங்களுக்கு மத்ததெல்லாம் மேயுதுங்கறது ஆறுதல், ஆனாலும் ரெண்டு வாரம் கண்ணு இருக்கட்டும். அது வைரஸ், அதுக்கு மருந்தே கெடையாது, கடைக்காரர் குடுத்த பவுடர் வைரஸ ஒண்ணும் பண்ணாது. அத எட்டுக் கோழிக்கும் கலந்து வச்சா நல்ல கோழியோட முட்டையும் மருந்து முட்டையாயிரும், கொஞ்ச நாளைக்கு பிள்ளைங்களுக்குக் குடுக்க முடியாது. டாக்டர் பாத்து சொன்னாக் குடுங்க. அதுவரைக்கும் டப்பா பரண்ல கெடக்கட்டும். மீதிய சந்தையில விக்கறதும் வேண்டாம், ஒருவேளை ஆயா சொன்னது சரின்னா அந்த நோவு உங்க கோழியோட இன்னொருத்தர் வீட்டுக்குத்தான் போகும்.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, குழம்பு வேண்டாம். என்ன நோவுன்னு தெரியாத கோழிய அறுத்து றெக்கையும் குடலும் குப்பையில வீசினா மீதிக் கோழிங்கதான் அதக் கெளறித் திங்கும். செத்துட்டாலும் ஆழமா குழி தோண்டி சுண்ணாம்புத் தூள் போட்டு மூடுங்க, நாய் தோண்டக்கூடாது.

இது தேறினாலும் தேறாட்டியும் அடுத்த வேலை வெள்ளக்கழிச்சல் தடுப்பூசி. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு றெக்கைக்கு அடியில போடறது, வருஷா வருஷம் பிப்ரவரி வாக்குல, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, கால்நடைத்துறை ஊர் ஊரா முகாம் போடுது. மருந்து 1932ல ஆரம்பிச்ச ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்துல தயாராகறதுதான். சீக்கா இருக்கற கோழிக்கு மட்டும் அப்பப் போடாதீங்க. ஓடிப்போய் மரத்துல ஏறிக்கற கோழிங்களுக்குன்னு கால்நடைப் பல்கலைக்கழகத்துல வாய்வழி குருணை மருந்தும் வச்சிருக்காங்க, தீனி மாதிரி தின்னுக்கும். முகாமுக்கு கோழி புடிக்கறது பெரும்பாடு, முந்தின ராத்திரி அடையறப்பவே கூடையப் போட்டு மூடிருங்க.

இதுக்கு நடுவுல இன்னும் ரெண்டு கோழி ஒரே நாள்ல படுத்துச்சுன்னா எனக்கு எழுதிட்டு இருக்காதீங்க, உங்க ஊர் கால்நடை டாக்டருக்கு உடனே போன் போடுங்க.

அன்புடன்,
அக்கா