மாட்டிக்கொண்டால் முதலில் சொல், பிறகு விடுபடு

தீயணைப்பாளர்களின் பாதுகாப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார், சிங்கப்பூரில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற தீயணைப்புப் பயிற்றுநர் ஒருவர்.

கேள்வி: என் மகன் தேசிய சேவையில் தீயணைப்புப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். கண் தெரியாதபடி முகக்கவசத்தின் கண்ணாடியை மூடிவிட்டு, கம்பிச் சிக்கலுக்குள் ஊர்ந்து போகச் சொல்கிறார்களாம். வார இறுதியில் முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வருகிறான். 2022இல் ஒரு பையன் தீயில் இறந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இப்படியெல்லாம் செய்யத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: செய்யத்தான் வேண்டும் அம்மா. சிராய்ப்புக்கு மருந்து போட்டுவிடுங்கள், பயிற்சிக்குத் தடை சொல்லாதீர்கள்.

2022 டிசம்பர் 8ஆம் தேதி ஹெண்டர்சன் சாலை அடுக்குமாடி வீட்டுத் தீயில் உயிரிழந்தவருக்கு வயது 19. தீயணைக்கும் பணியில் குடிமைத் தற்காப்புப் படை இழந்த முதல் தீயணைப்பாளர் அவர். அந்தக் குடும்பத்தின் துக்கத்தை வைத்து நான் பாடம் நடத்த விரும்பவில்லை. உங்கள் மகன் படும் பாட்டுக்கு என்ன காரணம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் ஊரில் அலுவலகம், கடை எதுவானாலும் போலிக் கூரைக்கு மேலே ஏர்கான் குழாய் ஓடுகிறது. வளையக்கூடிய குழாய் என்றால் அதற்குள் சுருள் சுருளாகக் கம்பி இருக்கும். மேலே சுற்றியிருக்கும் தாள் எரிந்ததும் அந்தச் சுருள் அப்படியே கீழே தொங்கும், கூடவே மின்கம்பிகளும் இறங்கும். புகைக்குள் கை எட்டும் தூரம்கூடத் தெரியாது. ஊர்ந்து போகிறவரின் முதுகில் இருக்கும் சிலிண்டர் வால்வில் ஒரு கம்பி மாட்டினால் போதும். யாராக இருந்தாலும் உடம்பு முன்னால்தான் இழுக்கும். இழுக்க இழுக்கக் கம்பி இறுகும்.

அதனால் முதலில் நிற்கச் சொல்லித் தருகிறோம். பிறகு கொஞ்சம் பின்னால் போய், உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து, நீச்சல் அடிப்பது போல ஒரு கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் முதுகோரமாக வழித்துவிட வேண்டும். கம்பி வரவில்லையா? மறுபக்கம். அதுவும் நடக்கவில்லை என்றால் பிஏ செட்டின் (முதுகில் மாட்டும் மூச்சுக்காற்றுக் கருவி) வார்களைத் தளர்த்தி, முகக்கவசம் முகத்திலேயே இருக்க, செட்டை மட்டும் கழற்றி முன்னால் கொண்டுவந்து சிக்கலை எடுக்க வேண்டும். கம்பி வெட்டும் குறடு எந்தப் பையில் இருக்கிறது என்பதுகூட உயிர்ப் பிரச்சினைதான். வலது கை மாட்டியிருக்கும்போது வலது பையில் இருக்கும் குறடால் ஒரு பயனும் இல்லை. இதையெல்லாம் தடித்த கையுறையோடு, இருட்டில், கை தானாகச் செய்யும்வரை பழக்க வேண்டும். உங்கள் மகனின் முழங்கை அங்கேதான் தேய்கிறது.

ஆனால் கம்பி சுலபமான பாதி. கஷ்டமான பாதி, வாக்கிடாக்கியை அழுத்தி “மாட்டிக்கொண்டேன்” என்று சொல்வது.

நல்ல உடற்கட்டு உள்ள, கெட்டிக்காரப் பையன்கள்தான் இதில் தோற்பார்கள். “இன்னும் ஒரே நிமிஷம் சார், வந்துட்டேன் சார்” என்பார்கள். கூப்பிட்டால் ரோட்டா (கூடப் பணி செய்யும் குழு) முழுக்கக் கிண்டல் செய்யும் என்ற வெட்கம் வேறு. அந்த ஒரு நிமிஷம் மூன்றாகும், நாலாகும். காற்று தீரும் நேரத்தில் கூப்பிடுவார்கள். வெளியே இருப்பவர்கள் கிளம்பி, வழி தேடி வந்து சேர அதற்கு மேலும் நேரம் வேண்டுமே!

அமெரிக்கத் தேசியத் தீயணைப்புக் கல்விக்கழகத்தில் பாடம் நடத்திய பர்ட்டன் கிளார்க் என்பவர் இந்தத் தயக்கத்துக்குப் போர்விமானிகளிடம் விடை தேடினார். விமானம் கைமீறிப் போனபிறகும் ‘சமாளித்துவிடலாம்’ என்று விமானத்தைவிட்டு வெளியேறத் தாமதித்து இறந்த விமானிகள் நிறையப் பேர். அதனால் அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு விதி போட்டிருக்கிறார்கள்: 10,000 அடிக்குக் கீழே விமானம் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் வெளியேறு. அந்த நேரத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை. தரையில் இருக்கும்போதே யோசித்து முடித்தாயிற்று. தீயணைப்பாளருக்கும் அப்படி விதி வேண்டும் என்றார் கிளார்க். தரை உடைந்து விழுந்தாயா, எதன் அடியிலாவது சிக்கினாயா, வழி தவறினாயா, காற்று குறைந்து வெளியேறும் வழியும் தெரியவில்லையா – இதில் எது நடந்தாலும் ‘மேடே’ (உயிருக்கு ஆபத்து, உதவி வேண்டும்) என்று சொல்லிவிடு.

நானும் பயிற்சியில் அதையேதான் பிடிவாதமாகச் சொல்வேன். ஒருமுறை முயன்றும் விடுபடவில்லையா? கூப்பிட்டுவிட்டு அடுத்த முயற்சியை ஆரம்பி. நீயே வெளியே வந்துவிட்டால் “சரியாகிவிட்டது” என்று சொல், யாருக்கும் நஷ்டமில்லை. சீக்கிரமாகக் கூப்பிட்ட பையனை அந்தக் கூடத்தில் நான் எல்லார் முன்னாலும் பாராட்டுவேன். மற்றவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உங்கள் மகன் அடுத்த வாரம் வரும்போது “எத்தனை பேரை முந்தினாய்?” என்று கேட்காதீர்கள். “வாக்கிடாக்கியில் கூப்பிட்டுப் பழகினாயா?” என்று கேளுங்கள்.

கேள்வி: சிலிண்டரில் 45 நிமிடக் காற்று இருக்கும் என்கிறார்கள். ஆனால் 20 நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்களே, ஏன்?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. பரவலாகப் புழங்கும் 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 நிமிடம் வரும். அந்த 40 லிட்டர் காகிதக் கணக்கு. முழு உடுப்போடும் செட்டோடும் குழாயை இழுத்துக்கொண்டு படியேறும் ஆள் 80 லிட்டரைத் தாராளமாக இழுப்பார். அப்போது பாதி நேரம்தான்.

செட்டில் ஒரு விசில் உண்டு. 55 பார் அளவுக்கு அழுத்தம் இறங்கியதும் கத்தும். அப்போது மிச்சம் சுமார் 370 லிட்டர், அதே வேகத்தில் மூச்சுவிட்டால் ஐந்து நிமிடம்கூட வராது. விசில் கேட்டபிறகு கிளம்பலாம் என்று நினைப்பது பெரிய ஆபத்து. விசில் கத்தும்போது வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். போக எவ்வளவு, திரும்ப எவ்வளவு என்று உள்ளே நுழையும்போதே அழுத்தமானியைப் பார்த்து மனசில் குறித்துக்கொள்வது இதற்காகத்தான்.

மாட்டிக்கொண்ட நேரத்தில் காற்றை நீட்டிக்க ஒரு வழி இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது ‘ம்ம்ம்ம்’ என்று மெதுவாக முனகுவது. முனகினால் மூச்சு வேகமாக வெளியே போக முடியாது, படபடப்பும் அடங்கும். நம் பையன்கள் சிலர் இதற்கு ஆளுக்கொரு சினிமாப் பாட்டு வைத்திருப்பார்கள்.

கேள்வி: அசையாமல் கிடந்தால் அலறும் கருவியைத் தீயணைப்பாளர்கள் மாட்டியிருக்கிறார்களாமே, அது இருக்கும்போது வாய்விட்டு வேறு கூப்பிட வேண்டுமா?
– தொழிற்சாலைப் பாதுகாப்பு மேற்பார்வையாளர், துவாஸ்

பதில்: வேண்டும். சுமார் 30 விநாடி அசைவில்லை என்றால் அது முழுச் சத்தத்தில் அலறும். அதற்கு முன்னால் சின்னதாக ஓர் எச்சரிக்கை ஒலி தரும். சும்மா நிற்கும் ஆட்கள் அதைக் கேட்டதும் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி அடக்கிவிடுவார்கள். தீ நடக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் இந்தக் கீச்சுச் சத்தம் அங்கங்கே கேட்டுக்கொண்டே இருக்கும். காது பழகிவிடும். அதுதான் வில்லங்கம், உண்மையான அலறலும் முதல் சில விநாடி ‘யாரோ ஆட்டவில்லை’ என்று தோன்றும். நீங்கள் துவாஸில் வேலை பார்க்கிறீர்கள், அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் அபாயமணியை ஆட்கள் எப்படி மதிப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்று, அசைவு நின்றபிறகுதான் அது தானாக அலறும். நினைவு இருக்கும்போதே எங்கே, என்ன சிக்கல் என்று சொல்லக்கூடியது வாய் ஒன்றுதான்.

கேள்வி: வாக்கிடாக்கியில் உதவி கேட்டும் யாருக்கும் கேட்காமல் போனதுண்டா?
– பெயர் வேண்டாம், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உண்டு. 1988 ஜூலை 1ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹேக்கன்சாக் என்ற ஊர். கார் விற்பனைக் கட்டடத்தின் கூரை இடிந்து விழுந்து ஐந்து தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். அவர்களில் இருவர் கருவிகள் வைக்கும் அறைக்குள் சிக்கி, வாக்கிடாக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எல்லாருடைய பேச்சும் ஒரே அலைவரிசையில் நெரிந்ததால் அந்தக் குரல் போய்ச் சேரவேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. உதவிக் குரல் வந்ததும் மற்ற அத்தனை பேரும் வாயை மூட வேண்டும் என்று பயிற்சியில் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். கேட்பவரின் ஒழுக்கம் கூப்பிடுபவரின் தைரியத்தைவிடப் பெரிசு.

கேள்வி: ஒருவர் சிக்கினால் வெளியே தயாராக நிற்கும் இரண்டு பேர் போய்த் தூக்கி வந்துவிட முடியாதா?
– அதே வாசகர்

பதில்: நானும் சின்ன வயதில் அப்படித்தான் கணக்குப் போட்டேன். 2001 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், சூப்பர்மார்க்கெட் தீ ஒன்றில் காற்று தீர்ந்து ஒரு தீயணைப்பாளர் இறந்தார். அவரைத் தூக்கிவரப் போனவர்களே திணறினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊர்த் தீயணைப்புத் துறை காலியான கட்டடங்களில் ஒத்திகை வைத்து அளந்து பார்த்தது. ஒருவரை வெளியே கொண்டுவர 12 பேர் தேவைப்பட்டார்கள். சராசரியாக 21 நிமிடம் ஆனது. மீட்கப் போனவர்களில் ஐந்தில் ஒருவருக்கே ஏதாவது சிக்கல் வந்தது.

மேலே சிலிண்டர் கேள்விக்குச் சொன்ன காற்றுக் கணக்கோடு இந்த 21 நிமிடத்தைச் சேர்த்துப் பாருங்கள். சீக்கிரமாகக் கூப்பிடு என்று நான் ஏன் நச்சரிக்கிறேன் என்பது புரியும்.

கேள்வி: சினிமாவில் ஹீரோ தன் முகக்கவசத்தைக் கழற்றிக் குழந்தைக்கு மாட்டிவிடுகிறாரே?
– எட்டாம் வகுப்பு மாணவி, செங்காங்

பதில்: கண்ணு, நிஜத்தில் அப்படிச் செய்தால் இரண்டு மூச்சில் ஹீரோவும் விழுவார், அப்புறம் குழந்தையைத் தூக்க ஆள் இருக்காது. குழந்தையைத் தாழ்வாக அணைத்துக்கொண்டு வேகமாக வெளியே வருவார்கள். கூடுதலாக ஒரு முகக்கவசம் கொண்டுபோனால் அதை மாட்டிவிடுவார்கள்.

கேள்வி: நாங்கள் வயதானவர்கள். வீட்டில் தீ வந்து உள்ளேயே சிக்கிக்கொண்டால் எங்களுக்கும் ‘மேடே’ உண்டா?
– தாத்தா ஒருவர், தோ பாயோ

பதில்: உங்கள் மேடே 995தான் ஐயா.

வெளியே போக முடிந்தால் போய்விடுங்கள், கதவைச் சாத்திக்கொண்டு, மின்தூக்கியை விட்டுப் படி வழியாக. தாழ்வாரத்தில் புகை அடைத்திருந்தால் சாலைப் பக்கம் ஜன்னல் உள்ள அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். அடியிடுக்கில் ஈரத் துண்டை வைத்து அடையுங்கள். ஜன்னலில் நின்று சத்தம் போடுங்கள். குதிக்க வேண்டாம்.

தொலைபேசியில் எங்கள் ஆட்கள் சொல்லும் அதே வரிசையில் சொல்லுங்கள்: முதலில் இடம், அப்புறம் ஆள், அப்புறம் நிலைமை. புளோக் எண், தெரு, எட்டாவது மாடி என்றால் 08 என்று தொடங்கும் வீட்டு எண், எந்த அறையில் இருக்கிறீர்கள், எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா. அவர்களாக வைக்கும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகும், நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது. பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

இரும்புக் கேட்டுக்குப் பூட்டுப் போடும் பழக்கம் இருந்தால் அந்தச் சாவியைப் படுக்கையறை அலமாரியில் வைக்காதீர்கள். கதவோரமாக, பேரனுக்கும் எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டுங்கள்.