உளி போகும் ஆழம்

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு வயது 53. பிறந்தது ரப்பர் தோட்டத்தில், இப்போது இருப்பது சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பில். ஈப்போவில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். மாமியார் படுக்கையில் விழுந்ததும் நின்றுவிட்டேன். கணவர் லோரி ஓட்டுகிறார். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில்.

போன வருடம் மனசு சரியில்லாமல் இருந்தபோது தோழி ஒருத்தி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். காலை ஐந்து மணிக்கு நாற்பது நிமிடம் தியானம். இரவு படுக்குமுன் அன்று மகிழ்ச்சி தந்த மூன்று விஷயங்களை நோட்டில் எழுதி நன்றி சொல்ல வேண்டும். 380 வெள்ளி கட்டி இரண்டு நாள் முகாமுக்கும் போய் வந்தேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஏழு மாதம் ஆகிறது, எழுத ஒன்றும் வருவதில்லை. 'மழை பெய்தது நன்றி, சோறு குழையாமல் வந்தது நன்றி' என்று எழுதி மூடிவைக்கிறேன். அதைவிட மோசம், தியானத்தில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்தில் மாமியார் கூப்பிடுவார். தினமும் அதே நேரம். வேண்டுமென்றே செய்கிறாரோ என்று தோன்றும். கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவேன், அப்புறம் நாள் முழுக்க உறுத்தும்.

என் அம்மாவும் மாமியாரும் பால்மரம் வெட்டியவர்கள். அம்மா வெட்டிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடுவார். அவருக்குத் தியானம் தெரியாது, நோட்டும் கிடையாது. அந்த மகிழ்ச்சி எனக்கு ஏன் வரவில்லை? அன்றாட வாழ்க்கையில் மகிழ்ச்சியை வளர்த்துக்கொள்வது எப்படி, ஆன்மிகத்தில் வளர்கிறேனா இல்லையா என்று தெரிந்துகொள்வது எப்படி?

ச., சுங்கை சிப்புட்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கடைசிக் கேள்வியில் நின்றேன். இரண்டாம் முறை, 'தினமும் அதே நேரம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கே நின்றுவிட்டேன்.

பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, ஏன் விடியுமுன் வெட்டுகிறார்கள்? வெட்டு என்றால் பட்டையைச் சீவிப் பால் இறக்குவது. தோட்டத்தில் பிறந்தவரிடம் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள். இரவுக் குளிரில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நிறைந்து விம்மி நிற்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், குழாயில் அழுத்தம் இறங்கும், மங்குக் கோப்பையில் விழும் பாலும் குறைந்துபோகும். ஆகவே மரத்தின் நேரம்தான் தோட்டத்தின் நேரம். என் அம்மா நாலரைக்கு எழுந்துவிடுவார். பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் காட்டுக்குள் போகும்போது லயத்து வீடுகளின் சேவல்களே அரைத் தூக்கத்தில் இருக்கும். அதுவும் பழைய நாலரை. 1982 ஜனவரி முதல் தேதி மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள், நீங்கள் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். அன்றைய நாலரை இன்றைய ஐந்து.

கடிகாரத்தை அரசாங்கம் தள்ளி வைத்துவிட்டது. உங்கள் மாமியாரின் உடம்பை யார் தள்ளி வைப்பது? கிழவி கண் விழிக்கிறார். வெளியே இருட்டு. பெரட்டுக்குப் போக வேண்டிய நேரம், கால் எழவில்லை. ஆளைக் கூப்பிடுகிறார். அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை, எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்கள் தியானத்தைக் கலைப்பதற்காக அவர் எழுந்துகொள்ளவில்லை. அவருடைய நேரத்தில்தான் நீங்கள் போய்த் தியானத்துக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தியானத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர் பகலில் கண்ணயரும்போது கால்மணி நேரம் உட்காருங்கள், போதும். ஐந்து மணியை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். பாலில்லாமல் ஒரு கோப்பி ஓ கலக்கிக் கொண்டுபோய், அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அத்தை, உங்க நிரையில எத்தனை மரம், மேல்பார்த்த தண்டல் யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். குழுவில் 'இன்று வரவில்லை' என்று போட்டால் யாரும் உங்களை நரகத்துக்கு அனுப்பப் போவதில்லை. 380 வெள்ளி போனது போகட்டும்.

நோட்டு வறண்டுபோனதற்கும் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை, நன்றியோடு நினைக்கக்கூடிய விஷயங்களை ஐந்துவரை எழுதச் சொல்லி, பத்து வாரம் பார்த்தார்கள். தொல்லைகளை எழுதியவர்களைவிட இவர்கள் மனம் தெளிவாக இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை என்பதைக் கவனியுங்கள். அடுத்து 2005ல் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் இன்னொரு சோதனை பற்றி எழுதினார்கள். சிலரை வாரம் ஒருமுறை எழுதச் சொன்னார்கள், சிலரை மூன்று முறை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ஒருமுறை எழுதியவர்களிடம்தான் மகிழ்ச்சி கூடியிருந்தது. மூன்று முறை எழுதியவர்களுக்குப் பலன் இல்லை. இந்தச் செய்தி ஏனோ முகாம்களுக்குப் போய்ச் சேருவதில்லை.

எங்கள் தோட்டத்துத் தண்டலுக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஒரு மரத்தை வெட்ட வேண்டும். தினமும் வெட்டினால் மரம் பட்டை வறண்டு பாலை நிறுத்திவிடும். வெட்டுவதும் சும்மா சீவல்தான், ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர். பால் நிறைய இருப்பது பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை ஒட்டி. ஆனால் அதற்கும் மரத்துக்கும் நடுவில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. புதுப்பட்டை அதிலிருந்துதான் வளர வேண்டும். உளி அதைத் தொடாமல் நின்றால், சில வருடத்தில் பட்டை மறுபடி வளர்ந்து அதே இடத்தை வெட்டலாம். தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாகப் புடைத்துக் கெட்டுப்போகும்.

பதினொரு வயதில், பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போனேன். வெட்டிய இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரிப்பதுதான் என் வேலை. அவர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து உளியை எடுத்தேன். ஆழமாக வெட்டினால் நிறையப் பால் வரும் என்று கணக்கு. வெள்ளையாக மரம் தெரிந்தது. அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தார், அப்புறம் தண்டல் கண்ணில் படாதபடி ஈரமண்ணைக் குழைத்து அதன்மேல் அப்பினார். அந்த மரத்தைத் தாண்டிப்போகும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

நீங்கள் ஏழு மாதமாக ஒரே பட்டையில் ராத்திரிக்கு ராத்திரி வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு ஒரு தடவை எழுதுங்கள். ஒன்று வந்தால் ஒன்று. எதுவும் வராவிட்டால் அந்த வாரம் மழை, வெட்டு இல்லை.

ஐந்து விஷயம் என்றதும் எனக்கு அப்பர் ஞாபகம் வருகிறது. பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு ஏழு நாள் அடைத்து வைத்தான் என்கிறது பெரியபுராணம். அதற்குள் இருந்து அவர் பாடிய தேவாரம் உங்களுக்கும் பாடமாக இருக்கும், திருமுறைப் போட்டிக்கு நம் பிள்ளைகள் முதலில் படிப்பதே பெரும்பாலும் அதைத்தான். குற்றமில்லாத வீணை, மாலை நிலா, வீசும் தென்றல், முற்றிவரும் இளவேனில், வண்டு மொய்க்கும் குளம். எண்ணிப் பாருங்கள், ஐந்தேதான். இறைவனுடைய திருவடி நிழல் இவற்றைப் போன்றது என்கிறார். நன்றி என்ற சொல்லே அதில் கிடையாது. வெந்துகொண்டிருக்கும் ஆளுக்குக் குளமும் தென்றலும் வெறும் அழகுக்காக ஞாபகம் வந்திருக்காது என்பது என் எண்ணம். எது இல்லையோ அதன் அருமை முழுசாகத் தெரிந்தவர் பாடிய பாட்டு அது.

இன்னொன்று, அப்பர் கையில் இருக்கும் ஆயுதம். சிலையில் பார்த்திருப்பீர்கள், உழவாரம். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குவதற்கு. தோட்டத்துப் பேச்சில் சொன்னால் புல்வெட்டு வேலை. நாயன்மார்களில் அத்தனை பதிகம் பாடியவர் ஊர் ஊராகப் போய்ச் செய்தது இந்த வேலையைத்தான். அவர் எவ்வளவு வளர்ந்தார் என்று தன்னைத்தானே அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நீங்கள் கட்டாயம் அளந்தாக வேண்டும் என்றால், தியானத்தில் எத்தனை நிமிடம் அசையாமல் இருந்தீர்கள் என்பதை விட்டுவிட்டு, ஐந்து மணிக்குக் கூப்பிடும் குரலுக்கு உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லைக் கவனியுங்கள்.

சரி, இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இதை வாசித்துவிட்டு உங்கள் கணவர், "பாத்தியா, எழுதுறவரே சொல்லிட்டாரு" என்று காலை நீட்டிப் படுத்துக்கொள்ளக் கூடாது. அது அவருடைய அம்மா. லோரி ஓடாத நாளில் ஐந்து மணிக் கோப்பி அவர் கலக்கட்டும். பிள்ளைகள் மாதம் ஒரு சனி ஞாயிறு வந்து பாட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் ஈப்போவுக்குப் போய்க் கல்லுமலை முருகனைப் பார்த்துவிட்டு அக்கா தங்கை வீட்டில் ஒருநாள் சும்மா கிடந்து வாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சமூகநல இலாகாவில் மாதாந்திர உதவி இருக்கிறது. மனுப் போட்டீர்களா? முகாமில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'ஏற்றுக்கொள், ஏற்றுக்கொள்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். பெண்களிடம் மட்டும் அதைக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறார்கள்.

ஏற்றுக்கொள்வதைப் பற்றி உங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்க, நம் ஆட்கள் வேலையும் வீடும் போய் நின்ற காலம். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்வெட்டுக்காரர்களிடம் பங்குப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் அந்தப் பங்குப் பத்திரம் கடைசிவரை இருந்தது. தீபாவளிக்குப் பெட்டியைத் திறக்கும்போது அதை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைப்பார். அப்போது அவர் முகத்தில் இருந்ததை மகிழ்ச்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இனி உங்கள் அம்மாவின் பாட்டு. தோட்டத்து வாழ்க்கையைச் சர்க்கரை தடவிப் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. சம்பளம் வந்தால் கள்ளுக்கடையும் பக்கத்திலேயே இருக்கும். இவ்வளவு பேசுகிற நானே ஏமாந்தேன். என் அம்மாவும் முணுமுணுத்துக்கொண்டேதான் வெட்டுவார். அது அவர் ஊரிலிருந்து வந்த தாலாட்டாக இருக்கும், பிறக்காமல் போன என் அக்காவுக்காக இருக்கும் என்றெல்லாம் நானாக முடிவு செய்து, உருகி உருகி ஒரு கட்டுரையும் எழுதிவிட்டேன். அவருடைய கடைசி வருடத்தில்தான் நேரில் கேட்டேன்.

"பாட்டாவது ஒன்னாவது. எத்தனாவது மரம்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்டா. எண்ணலைன்னா நெனப்பு எங்கயோ போயிரும், உளி உள்ள போயிரும்."

கட்டுரை அதற்குள் தொகுப்பில் வந்துவிட்டது. திருத்த முடியவில்லை.

உங்கள் மாமியாரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், அவர் எத்தனை வரைக்கும் எண்ணுவார் என்று.

அன்புடன்.