பன்னிரண்டு மாதக் கணக்கை முதலில் பாருங்கள், தம்பி

தம்பி, போன வாரம் காங்கேயத்தில் கல்யாணப் பந்தியில் நீங்கள் கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சிட்னியில் வேலை கிடைத்து 482 என்கிற தற்காலிக வேலை விசாவும் வந்துவிட்டது, வீட்டில் அம்மிணிக்கு மூன்று மாதம், கையோடு கூட்டிப்போய் அங்கேயே பிரசவம் பார்க்கலாமா, பிறக்கிற குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்குமா, தொட்டில் துணிமணியெல்லாம் இங்கிருந்தே வாங்கிப் போகணுமா என்று கேட்டீர்கள். நாதஸ்வரச் சத்தத்தில் அப்புறம் பேசலாம் என்று எழுந்துவிட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2012ல் நானும் இதே நிலைமையில்தான் விமானம் ஏறினேன்.

முதலில் இன்சூரன்ஸ். உங்கள் விசாவில் போகிறவர்களுக்கு அங்கே மெடிகேர், அதாவது அரசு மருத்துவக் காப்பீடு, கிடையாது. பிரிட்டன், நியூசிலாந்து, இத்தாலி மாதிரி சில நாடுகளோடு ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவ ஒப்பந்தம் உண்டு, இந்தியாவோடு இல்லை. அதனால் வெளிநாட்டவருக்கான தனியார் பாலிசி எடுத்தே ஆகவேண்டும், விசா நிபந்தனையே அதுதான். அந்தப் பாலிசிகளில் பிரசவத்துக்குப் பொதுவாக 12 மாதக் காத்திருப்பு வைத்திருப்பார்கள், அதற்குள் பிரசவமானால் பணம் தர மாட்டார்கள். பாலிசி தொடங்கிய நாள், நீங்கள் போய் இறங்கிய நாள், இதில் எது பிந்தியதோ அன்றிலிருந்து கணக்கு. வயிற்றில் சுமப்பது பத்து மாதம், அவர்கள் கேட்பது பன்னிரண்டு மாதம். ஏற்கெனவே மூன்று மாதம் ஆனவருக்கு எப்படிப் பார்த்தாலும் எட்டாது.

என் பாலிசித் தாளில் கர்ப்பம், பிரசவம் இரண்டும் அடங்கும் என்று எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். நாலு பக்கம் தள்ளி இருந்த காத்திருப்பு அட்டவணையைப் பார்க்கவில்லை. மனைவிக்கு ஐந்தாம் மாதம், சிட்னி பென்டில் ஹில்லில் ஒற்றைப் படுக்கையறை வீடு, ஆஸ்பத்திரியில் பெயர் பதியப் போன இடத்தில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். பாலிசி எண்ணைக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, இது செல்லாது என்று பதிவு மேஜையில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னார். திரும்பி வருகிறபோது ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் சிசேரியன். நாலு நாள் ஆஸ்பத்திரி. குழந்தை நல்லபடியாக இருந்தால் பெரும்பாலும் தாயின் கணக்கிலேயே போய்விடும். என் மகளுக்கு மஞ்சள் காமாலை. தனிப் பிரிவில் வைத்தார்கள், உடனே அவள் தனி நோயாளி, தனி பில். எல்லாம் சேர்ந்து 11,000 டாலரைத் தாண்டியது. அன்றைய மதிப்பில் ஆறு லட்ச ரூபாய்க்கு மேல். என் மாமனார் விலை ஏறட்டும் என்று களத்தில் வைத்திருந்த கொப்பரையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பணம் அனுப்பினார். இன்றைக்கு வரை ஒரு நாளும் அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அங்கே நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "ஒண்ணும் ஆகாது, கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கிக்கொண்டு வந்து இறங்கியவர்கள், வந்த சூட்டோடு மெடிகேர் அட்டை கைக்கு வந்துவிட்டது. தற்காலிக விசாவின் கஷ்டம் அவர்களுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

சில கம்பெனிகள் ஊழியர்களுக்கு எடுக்கும் குழு பாலிசியில் இந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்வதுண்டு. உங்கள் எச்.ஆரிடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் வராவிட்டால் நீங்கள் முன்னால் போங்கள், அம்மிணி பெருந்துறையில் அம்மா வீட்டில் இருக்கட்டும். கட்டுச்சோறு போட்டு, தலைப்பிரசவத்தை ஊரிலேயே பார்த்து, குழந்தைக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்து அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். பிரசவத்தப்போ பக்கத்தில் இருக்க லீவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

குடியுரிமைக்காகத்தான் யோசிக்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். அமெரிக்கக் கதையைக் கேட்டுவிட்டு எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1986 ஆகஸ்ட் 20க்குப் பிறகு மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பிறக்கும்போது தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாகவோ பி.ஆர். ஆகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெற்றோரின் விசாதான் குழந்தைக்கும். அங்கேயே வளர்ந்தால் பத்தாவது பிறந்த நாளில் குடியுரிமை வரும். எங்களுக்கு 2015ல் பி.ஆர். வந்தது. 2016ல் பிறந்த மகன் பிறந்த அன்றே ஆஸ்திரேலியக் குடிமகன், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு ஒரு டாலர் கட்டவில்லை. மூத்தவள் 2017ல் எங்களோடு சேர்ந்துதான் வாங்கினாள். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லாததால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை எடுத்தோம்.

என்ன சொல்லியும் அங்கேதான் பிரசவம் என்று முடிவானால், ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நம் 1955ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஒரு வருஷம் இருக்கிறதே என்று நான் மெத்தனமாக இருந்தேன். மகளுக்கு ஏழு மாதம் நடக்கும்போது அப்பாரு, என் தாத்தா, தவறிவிட்டார். பதியாததால் பாஸ்போர்ட் இல்லாத குழந்தையை எப்படி விமானம் ஏற்றுவது? அவளையும் மனைவியையும் அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் வந்தேன். கொள்ளுப்பேத்தியைப் போட்டோவில் மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் போட்டோ அவர் தலைமாட்டு டிரங்குப் பெட்டி மேலே சாய்த்து வைத்திருந்தது.

தொட்டில், துணிமணி எல்லாம் அங்கேயே கிடைக்கும், அதற்கெல்லாம் எடையை வீணாக்காதீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் செலவு ரசத்துக்கான சாமான் மட்டும் கட்டி வையுங்கள், போய் இறங்கும்போது நிரப்பச் சொல்லும் பயணிப் படிவத்தில் அதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். எங்கள் மாமியாருக்கு விசா வரத் தாமதமானதால் முதல் இருபது நாளும் நானே ரசம் வைத்தேன். மாமியார் ஸ்கைப்பில் சொல்லச் சொல்ல அம்மிக்குப் பதில் சின்ன உரலில் இடித்தேன். மூன்றாம் நாள் மனைவி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். அடுப்படியில் எனக்குக் கை பழகியது அப்போதுதான்.

வருகிற 15ஆம் தேதி வரை வெள்ளகோவிலில்தான் இருப்பேன். டிக்கெட் போடும் முன்னால் பாலிசித் தாளை முழுசாக எடுத்துக்கொண்டு ஒரு நடை வாங்க. அட்டவணைப் பக்கத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து படிக்கலாம்.