ஓட்டு போட்டால் தீருமா?

கேள்வி: எல்லைத் தகராறா? அங்குள்ள மக்களிடமே ஓட்டெடுப்பு நடத்தினால் போதுமே! சார்லாந்து விவகாரத்தை பிரான்ஸும் ஜெர்மனியும் அப்படித்தானே சுமுகமாக முடித்துக்கொண்டன? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: சுமுகமாகவா? இரண்டு முறை ஓட்டு போட வைத்தார்கள். நடுவில் ஓர் உலகப்போரே வந்து போனது!

சார்லாந்து என்பது இரு நாட்டு எல்லையில் சார் ஆற்றை ஒட்டிய வட்டாரம். அந்த ஆறு பிறப்பது பிரான்ஸின் வோஜ் மலையில். ஜெர்மனிக்குள் வந்து மோசல் ஆற்றில் கலக்கிறது. சண்டை தண்ணீருக்காக இல்லை, அந்த வட்டாரத்து நிலக்கரிக்காக. முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதும் சுரங்கங்களை பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. நிர்வாகம் 15 ஆண்டுகளுக்கு ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கத்திடம். அப்புறம் மக்கள் முடிவு செய்யட்டும் என்று ஏற்பாடு.

அந்த நாள் 1935 ஜனவரியில் வந்தபோது பெர்லினில் ஹிட்லர். ஜெர்மனி, பிரான்ஸ், இப்போதுள்ளபடியே என்று மூன்று வழிகள். ரகசிய வாக்கெடுப்பு, காவலுக்கு பிரிட்டன், இத்தாலி, ஸ்வீடன், நெதர்லாந்து படைகள். 90 சதவீதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு விழுந்தது. பிரான்ஸுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. 'ஹிட்லர் வேண்டாம், இப்படியே இருப்போம்' என்று பிரசாரம் செய்த சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் பலர் எல்லை தாண்டி ஓட வேண்டியதாயிற்று. மெஜாரிட்டி சரி, மீதிப்பேர் கதி? உங்களைப் போன்ற ஓட்டெடுப்பு ரசிகர்கள் அதைக் கேட்பதே இல்லை.

இரண்டாம் போருக்குப் பின் மறுபடி பிரான்ஸின் பிடி. தனி அரசு, புழக்கத்தில் பிராங்க் நாணயம், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தனி அணி. 1954 உலகக் கோப்பை கால்பந்துத் தகுதிச் சுற்றில் மேற்கு ஜெர்மனியோடேயே மோதி இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார்கள். அன்றைய சார் அணியின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன்தான் 1974-ல் மேற்கு ஜெர்மனிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார் என்பது உபரித் தகவல்.

1955 அக்டோபரில் இரண்டாவது ஓட்டு. 'ஐரோப்பிய மேற்பார்வையில் தனிப் பிரதேசமாக இருக்கச் சம்மதமா?' என்பதுதான் கேள்வி. ஜெர்மனியோடு சேர்வது பற்றி சீட்டில் பேச்சே இல்லை. மூன்றில் இரண்டு பங்கு பேர் 'மாட்டோம்' என்றார்கள். கேட்காத கேள்விக்கான பதில் பாரிஸுக்குப் புரிந்துவிட்டது. 1957 ஜனவரி 1-ல் சார்லாந்து மேற்கு ஜெர்மனியின் மாநிலமானது. அதுவும் சும்மா இல்லை. மோசல் ஆற்றில் பெரிய கப்பல் போக வழி செய்து தர வேண்டும், எல்லையோர நிலக்கரியைச் சில காலம் வெட்டிக்கொள்ள விட வேண்டும் என்று பேரம் பேசி வாங்கிக்கொண்டுதான் பிரான்ஸ் கையெழுத்துப் போட்டது.