கேள்வி-பதில்: வாடகை காரும் பின்னாடியே வர்ற பார்க்கிங் பில்லும்

கேள்வி: இங்கிலாந்துல வாடகை கார் எடுத்திருந்தோம். மோட்டார்வே சர்வீஸ் ஸ்டேஷன்ல (நெடுஞ்சாலை ஓரத்துல வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்கற இடம்) குழந்தை தூங்கிட்டதால, அனுமதிச்ச ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்னுட்டோம். ஊருக்கு வந்தப்புறம் கார் கம்பெனி அட்மின் ஃபீஸ்னு கார்டுல காசு எடுத்துட்டு, 100 பவுண்டு நோட்டீஸ் ஒண்ணை மெயில்ல அனுப்பியிருக்காங்க. இது போலீஸ் ஃபைனா?

பதில்: நோட்டீஸோட தலைப்பை பாருங்க. "பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்"னு இருந்தா கவுன்சில், அதாவது அந்த ஊர் உள்ளாட்சி, போட்டது, சட்டப்படி அபராதம். "பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்"னு இருந்தா பிரைவேட் கம்பெனியோட பில், அவ்வளவுதான். ரெண்டையும் பிசிஎன்னுதான் சுருக்குவாங்க, பாதி பேர் அந்த பயத்துலயே கட்டிடறாங்க. உங்களுது ரெண்டாவது வகை மாதிரிதான் தெரியுது, அதனால கிரிமினல் விஷயமெல்லாம் இல்ல.

அங்க 2012-ல வந்த ஒரு சட்டத்துல வாடகை காருக்குன்னே தனி விதி இருக்கு. கார் கம்பெனி 28 நாளுக்குள்ள வாடகை ஒப்பந்தத்தோட காப்பியும், பொறுப்பு என்னுதுன்னு நீங்க கையெழுத்து போட்ட பேப்பரும் பார்க்கிங் கம்பெனிக்கு குடுத்துட்டா அவங்க தலை தப்பிச்சுது. அப்புறம் பார்க்கிங் கம்பெனி 21 நாளுக்குள்ள, அந்த காப்பியெல்லாம் சேர்த்து, உங்க பேருக்கு புது நோட்டீஸ் அனுப்பணும். அனுப்பலையா, வெறும் ஒத்தை தாளை மட்டும் அனுப்பினாங்களா, வாடகைக்கு எடுத்தவர்ங்கிற முறையில உங்ககிட்ட கேக்க முடியாது, ஓட்டினவர்கிட்டதான் கேக்கணும். அதனால அப்பீல்ல "வாகனத்தை வாடகைக்கு எடுத்தவர்"னு மட்டும் எழுதுங்க, யார் ஓட்டினாங்கன்னு வாயே திறக்காதீங்க. பொய்யும் எழுத வேண்டாம். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்.

முதல் அப்பீல் பார்க்கிங் கம்பெனிக்கே. அவங்க நிராகரிச்சா அடுத்த அப்பீல் பாப்லா இல்லேன்னா ஐஏஎஸ்ங்கற அமைப்புக்கு (ரெண்டும் பிரைவேட் பார்க்கிங் அப்பீலை விசாரிக்கறவங்க), எதுன்னு அந்த லெட்டர்லயே இருக்கும். கார் கம்பெனி எடுத்த அட்மின் ஃபீஸ் மட்டும் திரும்ப வரும்னு நம்பாதீங்க.

கேள்வி: சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல போர்டை பார்த்தேன், டூரிஸ்டை யார் கேக்கப் போறான்னு மூணு மணி நேரம் விட்டுட்டேன். 100 பவுண்டெல்லாம் அநியாயம்னு வாதாடலாமா?

பதில்: 2015-லயே ஒருத்தர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வாதாடிட்டார். செம்ஸ்ஃபோர்ட்ங்கற ஊர்ல பார்க்கிங்ல 56 நிமிஷம் கூட நின்னதுக்கு 85 பவுண்டு, செல்லும்னுட்டாங்க. 14 நாளுக்குள்ள கட்டினா உங்க 100 பவுண்டு 60-ல முடியும். கட்டுங்க.

கேள்வி: என்கிட்ட கேக்காமலே கார் கம்பெனி பிரைவேட் பார்க்கிங் காசை கட்டிட்டு, அட்மின் ஃபீஸும் சேர்த்து கார்டுல எடுத்துட்டாங்க. அப்பீல் பண்ணப் போனா "ஏற்கனவே கட்டியாச்சு"ங்கறாங்க.

பதில்: எனக்கு ஆத்திரம் வர்ற இடமே இதுதான். பேரை மாத்தி விடறதுக்கு அவங்களுக்கு ஒரு மெயில் போதும், ஆனா கட்டிட்டு வாடிக்கையாளர் கார்டுல எடுக்கறது அதைவிட சுலபம், தகராறும் அவங்களுது இல்ல காசும் அவங்களுது இல்ல. கேட்டா ஒப்பந்தத்துல இருக்கும்பாங்க. அந்த ஒப்பந்தத்தை யார் படிச்சா? நடு ராத்திரி ஃபிளைட்ல இறங்கி, பின்னாடி இருபது பேர் நிக்கறப்ப, கவுன்டர்ல டேப்லெட்டை நம்ம பக்கம் திருப்பி, கையெழுத்து கட்டம் மட்டும் தெரியற மாதிரி நீட்டுவாங்க, மேல தள்ளி பார்க்கணும்னு விரலை வெச்சா முகம் சுளிப்பாங்க. அப்படி ஒரு கவுன்டர்லதான் நான் கார் வாடகையை விட அதிக விலைக்கு இன்சூரன்ஸ் வாங்கினேன், டயரும் கண்ணாடியும் அதுல சேராதாம்.

சரி, இப்ப பண்ண வேண்டியது. ஒப்பந்தத்தோட முழு காப்பியை கேளுங்க. அபராதம்னு மட்டும் எழுதியிருக்கா, பிரைவேட் பார்க்கிங் கட்டணமும் சேர்த்திருக்கான்னு பாருங்க. அபராதம்னு மட்டும் இருந்தா, இது அபராதம் இல்ல, என் பேருக்கு மாத்தாம ஏன் கட்டினீங்கன்னு எழுத்துல கேளுங்க. பதிலோட உங்க பேங்குக்கு போய் கார்டு டிஸ்பியூட் போடுங்க, அதாவது இந்த காசை எடுத்ததை நான் ஒத்துக்கலைன்னு புகார். ஜெயிக்கும்னு உத்தரவாதம் இல்ல, ஆனா போன்ல மட்டும் சண்டை போட்டீங்கன்னா கையில ஒண்ணுமே மிஞ்சாது.

கேள்வி: பார்க்கிங் ஆப்ல காசு கட்டினேன், கார் நம்பர்ல ஓ எழுத்துக்கு பதிலா பூஜ்யம் அடிச்சுட்டேன். அதுக்கும் 100 பவுண்டா?

பதில்: பாவம் நீங்க. ஒரு எழுத்து தப்புக்கெல்லாம் அப்பீல் பண்ணினா ரத்து பண்ணணும்னு பிரைவேட் பார்க்கிங் கம்பெனிகளோட நடத்தை விதியிலயே இருக்கு. ரசீதோட ஸ்கிரீன்ஷாட்டை வெச்சு இன்னிக்கே அனுப்புங்க.

கேள்வி: கடன் வசூல் கம்பெனிலேர்ந்து மெயில் மேல மெயில். வீட்டுக்கு வந்து பொருளை எடுத்துடுவாங்களா?

பதில்: மாட்டாங்க, அந்த அதிகாரம் அவங்களுக்கு கிடையாது. பயப்பட வேண்டியது கோர்ட் பேப்பருக்குத்தான். வாடகை ஒப்பந்தத்துல அங்க இருக்கற சொந்தக்காரங்க வீட்டு அட்ரஸை குடுத்திருந்தீங்கன்னா, கவுன்ட்டி கோர்ட் (அங்க இருக்கற சிவில் கோர்ட்) கவர் எது வந்தாலும் பிரிச்சு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வைங்க. பதில் போடாம விட்டா, உங்க பக்கம் கேக்காமலே தீர்ப்பு எழுதிடுவாங்க.