செம்பனைக்கு மேலே ஒரு கம்பம்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் மூவர் அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருக்கிறோம். வெள்ளத்திலோ மின்தடையிலோ கைப்பேசிக் கோபுரம் ஓய்ந்துபோனாலும் செய்தியும் படமும் அனுப்பிக்கொள்ள வேண்டும். அதற்காகப் பட்டணத்தில் என் வீடு, தோட்டத்துச் சமூக மண்டபம், நண்பரின் வீடு மூன்றையும், கருவிகளே ஒன்றிடமிருந்து ஒன்று செய்தியைக் கடத்தும் மெஷ் வலைப்பின்னலால் இணைக்க நினைக்கிறோம். மண்டபம் என் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர். இடையில் முழுக்கச் செம்பனை. மண்டபத்திலிருந்து நண்பர் வீடு 600 மீட்டர். கடைக்காரர் 12 டெசிபெல் பெருக்கம் தரும் குச்சி ஆண்டெனா மூன்று வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் கம்பத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். வானொலிக் கருவியைப் பிறகு பார்க்கலாம்.

2016-இல் நானும் ஒரு நண்பரும் இதேபோல் செம்பனைக்கு மேலாக இணைப்புப் போட்டோம். மட்டைகளுக்கு மேல் ஓர் ஆள் உயரம் இடைவெளி இருந்தது. அருமையாக வேலை செய்தது. மூன்றாம் ஆண்டில், மாலை மழை பெய்தால் போதும், இணைப்பு அறுந்துவிடும். கருவியில்தான் கோளாறு என்று நம்பி, பெரிய தட்டு ஆண்டெனாவுக்கு 400 வெள்ளி செலவழித்தேன். பயனில்லை. குலை வெட்டும் அண்ணன் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “மரம் வளர்ந்துவிட்டது ஐயா” என்றார். செம்பனை ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் உயரும். ஈரமான மட்டை, காய்ந்த மட்டையைவிட அதிகமாக அலையை விழுங்கும். தூரம் இரட்டித்தால் இழப்பு 6 டெசிபெல்தான், அதாவது வலிமை கால்வாசியாகும். குறுக்கே நிற்கும் ஒரே மரம் அதைவிடக் கூடுதலாகத் தின்றுவிடும்.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அலை நூல்போலச் செல்வதில்லை. நடுவில் பருத்து, சுருட்டு வடிவில் செல்கிறது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 4 கிலோமீட்டருக்கு நடுவழியில் அதன் ஆரம் சுமார் 7 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது நான்கு மீட்டருக்குச் சற்று மேல், தடையின்றி இருக்க வேண்டும். மரம் வளரப்போகும் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

குச்சி ஆண்டெனா நாலாபுறமும் அலையைச் சிதறடிக்கும். பட்டணத்து வைஃபை இரைச்சலையும் நாலாபுறமிருந்து வாரிக்கொண்டு வரும். உங்களுக்குத் தேவை இரண்டே திசை. வீட்டிலும் மண்டபத்திலும் 5 கிகாஹெர்ட்ஸ் தட்டுகளை எதிரெதிரே வையுங்கள். மைக்ரோடிக் எல்எச்ஜி5 போன்றது 24.5 டெசிபெல் தரும். ஆனால் அலை குறுகலானது; கம்பம் காற்றில் ஆடினால் குறி தவறும். ஆகவே கம்பத்தை இழுவைக் கம்பி கட்டி நிறுத்துங்கள். நண்பர் வீட்டுப் பக்கம் யூபிக்விட்டி நானோஸ்டேஷன் லோகோ எம்5 போன்ற 13 டெசிபெல் சிறு பலகை போதும். மண்டபத்தில் ஒரே கருவியை இரு பக்கமும் பேசவிடாதீர்கள், வேகம் பாதியாகும். இரண்டு கருவிகளை வெவ்வேறு அலைவரிசையில் வைத்து ஈதர்நெட் கம்பியால் இணையுங்கள். அமெச்சூர்களின் மெஷ் வலைப்பின்னலுக்கான ஆரெடன் (AREDN) மென்பொருளைக் கருவியில் ஏற்றுவதாக இருந்தால், அது ஆதரிக்கும் கருவிப் பட்டியலில் உங்கள் மாதிரி எண் அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

900 மெகாஹெர்ட்ஸ் மரத்தை ஊடுருவும் என்று அமெரிக்கர்கள் சொல்வதைப் படித்திருப்பீர்கள். உலகை மூன்று வானொலி மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூருக்குக் கிடைப்பது அமெரிக்கக் கண்டங்கள் அடங்கிய இரண்டாம் மண்டலத்தில். நாம் மூன்றாம் மண்டலம். இங்கே அந்தப் பகுதியில் கைப்பேசிகள் பேசிக்கொண்டிருக்கின்றன. தொடவே கூடாது. ஆரெடன் காட்டும் கூடுதல் அலைவரிசைகளும் அமெரிக்க விதிப்படி அமைந்தவை. உங்கள் உரிம வகுப்புக்கு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் எதை அனுமதித்திருக்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு நிலையத்தின் பெயரும் உங்கள் அழைப்புக்குறியில் தொடங்கட்டும்.

இடியை அலட்சியம் செய்யாதீர்கள். பேராக்கில் மாலை இடி எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும். வெளிப்புறத்துக்கான கவசக் கம்பி, இரு முனையிலும் மின்னெழுச்சித் தடுப்பான், கம்பத்துக்குத் தரையிணைப்பு மூன்றும் வேண்டும். ஈதர்நெட் கம்பி வழியாகவே கருவிக்கு மின்சாரமும் போகும்; 24 வோல்ட் கருவியை 48 வோல்ட் கம்பியில் செருகிவிடாதீர்கள், கருகிவிடும். மின்தடைக்கு 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று 5 வாட் கருவியை ஓர் இரவு முழுவதும் தாங்கும். அந்த வோல்ட்டேஜில் ஓடும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த வாரம் ஒன்றும் வாங்காமல் தோட்டத்துக்குப் போய், நடுவழியில் குலை அறுப்பவர்களிடம் எத்தனை மீட்டர் கம்பு பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். குலையின் உயரம் அதிலேயே தெரியும்; மட்டைகள் அதற்கு மேலும் சில மீட்டர் எழும். அந்த அளவையும், மண்டபக் கூரையின் உயரத்தையும், அந்த நிரை எந்த ஆண்டு நட்டது என்பதையும் எனக்கு எழுதுங்கள். கம்பம் எவ்வளவு உயரம் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.