கிராமத்தில் இருக்கிறோம். மூன்று வயதுப் பிள்ளையை பால்வாடியில் விடலாமா, டவுன் நர்சரிக்கு வேனில் அனுப்பலாமா?

பால்வாடியில் விடுங்கள். "அங்கே சோறு போட்டுத் தூங்க வைப்பார்கள், அவ்வளவுதான்" என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

என் மகன் மூன்று வயது நெருங்கியும் நாலைந்து சொல்லுக்கு மேல் பேசவில்லை. "ஆம்பளப் பிள்ள, மெதுவாத்தான் பேசும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பால்வாடி டீச்சர்தான் விடவில்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதைக் கவனித்தவர் அவர்தான். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழு வரும். அன்றைக்குக் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார். டாக்டர் பார்த்துவிட்டு மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்ததாம். வைத்தியம் முடிந்து, டீச்சரோடு பாட்டும் கதையுமாக இருந்து இருந்துதான் அவனுக்குப் பேச்சு வந்தது. இப்போது ஊர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, சரளமாக வாசிக்கிறான்.

எல்லா மையமும் இப்படி இருக்காதுதான். காலிப் பணியிடம் இருப்பதால் ஒரே டீச்சர் இரண்டு மையம் பார்க்கும் ஊர்களும் உண்டு. அதனால் சேர்க்கும் முன் ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் விளையாடிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்தால் தயங்க வேண்டாம். நர்சரிகளை நான் குறை சொல்லவில்லை, ஆனால் மூன்று வயதில் வேனில் ஒரு மணி நேரம் போய் நோட்டில் எழுதி என்ன ஆகப்போகிறது? எல்கேஜிதான் வேண்டுமென்றால், 2019-இல் தமிழக அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அதைத் தொடங்கியது. 2022-இல் மூடப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் தொடர்ந்தார்கள். பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அப்புறம் ஒன்று. "டீச்சர் எப்பப் பார்த்தாலும் போனையே நோண்டுகிறார்" என்று யாரும் இங்கே வந்து எழுத வேண்டாம். வருகை, எடை, உயரம், சத்துமாவு எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றியாக வேண்டும். நெட் கிடைக்காத ஊரில் அதற்கே பாதி நாள் போகிறது. வாக்காளர் பட்டியல் வேலையையும் பல இடங்களில் இவர்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். அங்கன்வாடி 1975-இல் தொடங்கிய திட்டம். இன்னும் இவர்களை முழுநேர அரசு ஊழியர் ஆக்க மனம் வரவில்லை. என் பிள்ளையின் காதுக் குறையைக் கண்டுபிடித்தவரை அந்த நேரத்திலாவது பிள்ளைகளோடு இருக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.